பாதாளக் கரண்டிக்கு வேறு கயிறு

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் என்ன செய்வோம்? தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் பாதாளக் கரண்டி இருக்கும். கொக்கி கொக்கியாக வளைந்து தொங்கும் அந்த இரும்புச் சாமானை இரவல் வாங்கி வருவோம். (கொடுக்கிறவர் சும்மா கொடுத்துவிட மாட்டார், ஈடாக ஒரு பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்.) அதை வேறொரு கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கித் துழாவுவோம். வாளியோடு உள்ளே போன கயிற்றிலேயே கரண்டியையும் கட்டி வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படிச் செய்கிற அசடு எங்கேயாவது உண்டா என்று வாசகர்கள் சிரிக்கலாம். கனடா தேசத்தின் மாபெரும் டெலிபோன் கம்பெனி ஒன்று அதைத்தான் செய்தது.

அந்தக் கதைக்கு வருமுன் கரண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இன்று பாங்கி, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி எல்லாம் ஸர்வர் என்னும் கம்ப்யூட்டர்களை நம்பி நடக்கின்றன. அவை ஓரிடத்தில் இருக்கும். பராமரிக்கும் இஞ்சினீயர் நூறு மைலுக்கு அப்பால் இருப்பார். சாதாரண நாளில் அவர் பொதுவான நெட்வொர்க் வழியாகவே உள்ளே போய்க் காரியத்தை முடிப்பார். நெட்வொர்க்கே படுத்துவிட்டால்? அந்த வேளைக்கென்று ஏற்பட்டதுதான் கன்ஸோல் ஸர்வர்.

இத்தகைய ஸர்வர்களுக்கும், செய்திகளுக்கு வழிகாட்டும் ரௌட்டர் யந்திரங்களுக்கும், பொதுவாகக் கன்ஸோல் என்று ஒரு துவாரம் உண்டு. இது வெகு பழைய சங்கதி. 1960-ல் அமெரிக்காவில் வகுத்த ஆர்.எஸ்.232 என்ற விதிப்படி இன்னும் நடப்பது. படம் கிடையாது, வர்ணம் கிடையாது. எழுத்து மட்டும் ஓடும். வழக்கமான வேகத்தில் விநாடிக்குச் சுமார் 960 எழுத்துக்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆமை வேகம்! ஆனால் நெட்வொர்க் செத்துக் கிடந்தாலும், யந்திரம் இப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தாலும், இந்தத் துவாரம் பேசும். 16, 32, 48 என்று இப்படிப்பட்ட துவாரங்களிலிருந்து வரும் கம்பிகளை ஒரே பெட்டியில் கொண்டு சேர்த்தால் அதுதான் கன்ஸோல் ஸர்வர். அதற்கு வேறொரு டெலிபோன் கம்பியோ, வேறொரு கம்பெனியின் செல்போன் இணைப்போ கொடுத்துவிட்டால், எங்கோ இருக்கும் இஞ்சினீயர் அந்த வழியே வந்து, யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே வேலை பார்க்கலாம்.

2022 ஜூலை 8-ந் தேதி அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு கனடாவில் ராஜர்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் விழுந்தது. ஏழு கட்டமாகத் திட்டமிட்ட சீர்திருத்த வேலையில் ஆறாவது கட்டம் அது. முதல் கட்டங்கள் சுகமாக முடிந்ததால், அபாயம் குறைவு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ரௌட்டர்களில் ஒரு வடிகட்டியை நீக்கியபோது, வழித்தகவல்கள் எல்லாம் வெள்ளமாகப் பாய்ந்து நடுநாயகமான ரௌட்டர்களைத் திணற அடித்துவிட்டன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கைக்காரர்களுக்கு டெலிபோனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. கடைகளில் பாங்கிக் கார்டு செல்லவில்லை. நம்மவர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கும் டொரண்டோ நகரமும் இதில் அகப்பட்டுக்கொண்டது. எல்லாவற்றிலும் கொடுமை, ஆபத்துக்கு அழைக்கும் 911 என்ற எண்ணைப் பலரால் கூப்பிட முடியாமற் போனதுதான். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கும்போது, கையிலுள்ள டெலிபோன் ஊமையாகி நின்றால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

தவறு யாருக்கும் நேரும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தவற்றைத் திருத்தப் போக வழி இல்லாமல் வைத்திருந்தார்களே, அதுதான் குற்றம். யந்திரங்களைப் பராமரிக்க வேண்டிய பாதையே, விழுந்து கிடந்த அதே நெட்வொர்க்கை நம்பி இருந்தது! அது விழுந்ததும் இதுவும் விழுந்தது. ஊழியர்களில் பலருடைய செல்போனும் அதே கம்பெனியின் இணைப்பு. ஆகவே ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியவில்லை. யந்திரங்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படிக்க முடியாமல், காரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணி நேரம் ஆயிற்று. பிறகு நடந்த விசாரணை இதையெல்லாம் விவரமாகவே எழுதி வைத்திருக்கிறது.

இவர்கள் மட்டுமா? 2021 அக்டோபர் 4-ந் தேதி இரவு நம் ஊரிலும் வாட்ஸ்அப் ஆறு மணி நேரம் வாய் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். பேஸ்புக் கம்பெனி தன் நெட்வொர்க்கில் பரிசோதனையாக இட்ட ஒரு கட்டளை, அதன் இணைப்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டது. அவர்களுக்குத் தனி மாற்று வழி இருக்கத்தான் இருந்தது. அதுவும் அன்று வேலை செய்யவில்லை. இஞ்சினீயர்கள் நேரிலேயே ஓடினார்கள். திருடன் புகாதபடி கட்டிய கட்டடமாயிற்றே! உரியவர்களே உள்ளே போய் யந்திரத்தைத் தொடுவதற்கு நேரம் பிடித்தது.

“கொல்லைப்புறக் கதவு வைத்தால் திருடனுக்கு வசதியாகாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கன்ஸோலைப் பிடித்தவன் யந்திரத்தையே பிடித்தவன் என்பதில் சந்தேகமில்லை. பழைய டெல்நெட் முறையில் ரகசியச் சொல் அப்படியே பச்சையாகக் கம்பியில் ஓடும். வழியில் எவனும் ஒட்டுக் கேட்கலாம். பின்லாந்தில் ஹெல்ஸிங்கி தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் நெட்வொர்க்கில் அப்படித் திருட்டு நடந்த பிறகே, 1995-ல் டாட்டு யுலோனன் என்பவர் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டைச் செய்து கொடுத்தார். இன்று அந்தப் பூட்டு இல்லாத கன்ஸோல் ஸர்வரை வைப்பவர் திண்ணையில் நகையை வைப்பவருக்குச் சமானம். ஆளுக்கு ஒரு சாவி. யார் எப்போது வந்து என்ன தட்டினார் என்ற குறிப்பு. தொழிற்சாலையில் வைத்தனுப்பிய ரகசியச் சொல்லை முதல் நாளே மாற்றுவது — இவற்றில் தயவு தாட்சண்யம் கூடாது.

பூட்டுப் போடுகிற உற்சாகத்தில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். வந்தவர் உரியவரா என்று கன்ஸோல் ஸர்வர் கேட்டறிய வேண்டிய கம்ப்யூட்டர், விழுந்த நெட்வொர்க்கிலேயே இருந்தால், கேட்க ஆள் ஏது? ஆகவே அந்தப் பெட்டிக்குள்ளேயே செல்லுபடியாகும் ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் முத்திரையிட்ட உறையில் இருக்கட்டும். அதன் எண் விலாசம் காகிதத்தில் எழுதியிருக்கட்டும். பெயரைச் சொன்னால் விலாசம் சொல்லும் யந்திரமும் அன்று படுத்திருக்கும்.

செலவு என்று முகம் சுளிக்கும் மானேஜர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியை வாங்குவதோடு செலவு முடியாது. அதற்குத் தனி இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், வருஷத்தில் இரண்டு முறையாவது பிரதான கம்பியைப் பிடுங்கிவிட்டு அந்த வழியே போய்ப் பார்க்க வேண்டும். சும்மா கிடக்கும் சாமானுக்கு எதற்கு மாதச் சந்தா என்று முதலில் வெட்டுவது இதைத்தான். ஆபத்துக்குக் கூப்பிடும் எண்ணைத் தாங்கி நிற்கும் கம்பெனிகளுக்கு இந்த விஷயத்தில் இஷ்டம் போல் நடக்க இடமிருக்கக் கூடாது. சர்க்கார் சட்டமாகவே போட்டு, அந்தச் சோதனை நடந்ததா என்று வருஷா வருஷம் கணக்குக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கனடாவில் இவ்வளவும் நடந்து பதினாறு மாதத்துக்குப் பின், 2023 நவம்பர் 8-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் கம்பெனியின் நெட்வொர்க் விழுந்தது. அங்கேயும் ஆபத்து எண்ணுக்குக் கூப்பிட்டுக் கிடைக்காதவர்கள் உண்டு. அங்கேயும் தூரத்திலிருந்து சில யந்திரங்களைத் தொட முடியாமல், இடம் இடமாக ஆட்களை அனுப்பித்தான் அவற்றை எழுப்பினார்கள்.