கடைசி வரியை நம்பாதீங்க

சொந்தமாக ஒரு லினக்ஸ் கெர்னல் கம்பைல் செய்யப் போறீங்கன்னா, முதல் தடவையே சுமுகமாக முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எரர் வரும். அப்போ என்ன செய்யணும் என்பதில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து இருக்கு: எங்கிருந்தோ காப்பி செய்த கட்டளையைப் போட்டு எரரின் வாயை அடைக்காதீங்க. முதலில் அது என்ன சொல்லுதுன்னு படிங்க.

பில்ட் நின்றதும் டெர்மினலின் அடியில் 'மேக், எரர் 2' என்று ஒரு வரி இருக்கும். நிறையப் பேர் அதைத்தான் எடுத்து கூகுளிலோ சாட்ஜிபிடியிலோ போடுவாங்க. உள்ளே ஏதோ ஒரு வேலை கெட்டுப்போச்சு என்பதைத் தவிர அந்த வரியில் எந்தத் தகவலும் கிடையாது. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒன்று விழுந்த பிறகும் மற்றவை தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதனால் உண்மையான எரர் பல வரிகளுக்கு மேலே புதைந்து கிடக்கும். ஜே எண்ணை 1 ஆக வைத்து மறுபடி ஓட்டுங்க. ஏற்கனவே முடிந்த ஃபைல்களை மேக் தாண்டிப் போய்விடும் என்பதால் சீக்கிரமே அதே இடத்தில் வந்து நிற்கும். அங்கே வரும் முதல் எரர்தான் உங்களுடையது.

பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஃப்ளெக்ஸ், பைசன் இல்லை என்றால் இன்ஸ்டால் பண்ணுங்க. ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் கிடைக்கவில்லை என்றால் அதன் டெவலப்மென்ட் பேக்கேஜ் வேண்டும். கம்பைலர் 'கில்ட்' என்று செத்துப்போனால் பெரும்பாலும் ரேம் போதவில்லை; ஜே எண்ணைக் குறைங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஃபைலில் கம்பைலரே கிராஷ் ஆனால், கோடை விட்டுவிட்டு மெம்டெஸ்ட் ஓட்டுங்க. ரேமே பழுதாக இருக்கலாம்.

என்னைக் கவலைப்படுத்துவது அடுத்த வகை. உபுண்டுவில் ஓடும் கெர்னலின் கான்ஃபிக்கை எடுத்து, கெர்னல் டாட் ஆர்க் சோர்ஸில் பில்ட் செய்து பாருங்க. கனானிக்கல் சான்றிதழ் ஃபைலை உருவாக்க விதி இல்லை என்று நின்றுவிடும். தேடினால் ரெடியாக ஒரு பதில் கிடைக்கும்: சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ் இரண்டையும் டிசேபிள் பண்ணு. பண்ணினால் பில்ட் ஓடும். ஆனா என்ன செய்தோம்னு தெரியுமா?

முதலாவது, யாருடைய கையெழுத்தை இந்தக் கெர்னல் நம்பணும் என்ற பட்டியல். இரண்டாவது, எந்தச் சாவிகளை இனி நம்பக்கூடாது என்ற பட்டியல். அந்தச் சான்றிதழ் ஃபைல்கள் உபுண்டுவின் சொந்த சோர்ஸில்தான் இருக்கும், அதனால்தான் எரர். வீட்டு லேப்டாப்பில் சோதனைக்காக இரண்டையும் காலியாக விடுவது நியாயமான முடிவுதான். உங்க மாட்யூல்களுக்கு பில்டே புதுச் சாவி உருவாக்கிக் கையெழுத்து போடும். ஆனால் அது ஒரு முடிவு என்றே தெரியாமல் எடுத்தவர், அடுத்த கட்டளையையும் அப்படியே போடுவார். கெர்னல் பூட் ஆகவில்லையா? செக்யூர் பூட்டை அணை என்பார்கள். சொந்தச் சாவியை மோக் பட்டியலில் சேர்த்து, கெர்னலில் கையெழுத்திடும் வழி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு எரருக்கும் ஒரு பூட்டைக் கழற்றினால், கடைசியில் வீடு திறந்து கிடக்கும்.

சில சமயம் உங்க கான்ஃபிக்கில் தப்பே இருக்காது. 2025இல் வந்த ஜிசிசி 15, சி23 தரத்தை டீஃபால்ட்டாக எடுத்துக்கொள்ளும். அதில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் மொழியின் கீவேர்டுகள். பழைய கெர்னல் சோர்ஸ் அவற்றைத் தானே வரையறுப்பதால் மோதல் வரும். ஹெடர் ஃபைலைக் கையால் திருத்த வேண்டாம். ஜிசிசி 14 போடுங்க, இல்லாட்டி புதிய கெர்னலுக்குப் போங்க.

"ஏஐ சரியாத்தானே சொல்லுது, எனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கலாம். பல நேரம் சரியாகத்தான் சொல்லும், நானும் பயன்படுத்துறேன். கேள்வியை மட்டும் மாற்றுங்க. 'இதை சரி பண்ணு' என்பதற்குப் பதிலா 'இந்த ஆப்ஷனை அணைத்தால் எதை இழப்பேன்?' என்று கேளுங்க. பிறகு மெனுகான்ஃபிக்கில் அதைத் தேடி, அங்கே இருக்கும் ஹெல்ப் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்க.

பில்ட் முடிந்ததும் இன்னொரு வேலை பாக்கி. கெர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் டிஃப்கான்ஃபிக் என்று ஒன்று இருக்கு. பழைய கான்ஃபிக்கையும் புதியதையும் அதற்குக் கொடுத்தால் என்னென்ன மாறியது என்று வரிசையாகக் காட்டும். அதில் நீங்க மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று உங்களால் சொல்ல முடிந்தால், தாராளமா ரீபூட் பண்ணுங்க.