லாரியில் போகும் பந்தயக் கார்

பந்தயக் காருக்குப் பதிவு எண் கிடையாது. ஹாரன், இண்டிகேட்டர், ஸ்டெப்னி எதுவும் கிடையாது. பொதுச்சாலையில் ஒரு ஃபர்லாங்குகூட அது ஓடக் கூடாது. தடத்துக்குள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பாய்கிற வண்டி, தடம் வரைக்கும் லாரி ஏறித்தான் போக வேண்டும்.

அந்த லாரிகள் நம் சேலம், நாமக்கல் பகுதி வழியாகத்தான் போகின்றன. தமிழ்நாட்டில் பேர்பெற்ற பழைய பந்தயத் தடங்கள் இரண்டு. ஒன்று கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே. மற்றது சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம். கோவையில் கிளம்புகிற லாரி பெருந்துறை, பவானி, சங்ககிரி தாண்டி சேலம் வந்து, தொப்பூர் ஏறி, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேரும். 1982 முதல் பந்தயத்தில் இருக்கும் டிவிஎஸ் ரேசிங்கின் ஊர் ஓசூர். அங்கிருந்து செட்டிப்பாளையத்துக்கு வர வேண்டுமென்றாலும் இதே சாலைதான். வைகுந்தம் சுங்கச்சாவடியில் நமக்கு முன்னால் நிற்கிற மூடிய வண்டிக்குள் முட்டையும் இருக்கலாம், ஃபார்முலா காரும் இருக்கலாம்.

ஓட்டுகிறவர்களை நமக்குத் தெரியும். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். அவருக்கு அடுத்து வந்தவர் சென்னை கருண் சந்தோக். ஆனால் அந்த மூடிய வண்டிக்குள் எதை ஏற்றுவது, எத்தனை மணிக்குக் கிளப்புவது, யார் எங்கே படுப்பது என்று முடிவு செய்கிற அணி மேலாளர் எவர் பேரும் நம் காதில் விழுந்ததில்லை. இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் மேலாளருக்கு வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். காய்ந்த தடத்துக்கு வரியில்லாத ஸ்லிக் டயர், மழை வந்தால் வரி வெட்டிய டயர், அத்தனைக்கும் ரிம். மாற்று கியர்பாக்ஸ், முன் இறக்கை, பாடிப் பாகங்கள், காற்று சிலிண்டர், ஜெனரேட்டர், ரேடியோ செட், கூடாரம். பெட்ரோல் இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய சரக்கு. இவற்றோடு காகிதம். ஓட்டுநருக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் லைசென்ஸ், பந்தய நுழைவுப் படிவம், இன்சூரன்ஸ். காரை விற்பதற்காகக் கொண்டுபோகவில்லை என்பதால் இன்வாய்ஸ் போட முடியாது. டெலிவரி சலான் எழுதி, அதன் மேல் இ-வே பில் எடுக்க வேண்டும். அதில் வண்டி எண்ணைத் தப்பாக அடித்தால் பாதி வழியில் சோதனையில் லாரி ஓரங்கட்டப்படும். நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திடலுக்குப் போன பிறகு முதல் கண்டம், தொழில்நுட்பச் சோதனை. காரை மட்டும் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். ஹெல்மெட்டின் தர முத்திரை, தீப்பிடிக்காத உடையின் முத்திரை, கையுறை, உள்ளாடை வரை பார்ப்பார்கள். பந்தய சீட் பெல்ட்டுக்குக் காலாவதி ஆண்டு உண்டு. பட்டையில் தைத்திருக்கும் சின்னத் துணி முத்திரையில் அது அச்சிட்டிருக்கும். பார்வைக்குப் புத்தம்புதிதாக இருந்தாலும் அந்த ஆண்டு கடந்துவிட்டால் கார் தடத்தில் இறங்காது. லட்சக்கணக்கில் செலவழித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்து வந்த வண்டி, இரண்டு விரல் அகலத் துணி ஒன்றால் ஷெட்டிலேயே நின்றுவிடும். அந்த முத்திரையை மூன்று வாரம் முன்பே திருப்பிப் பார்ப்பதுதான் மேலாளரின் தொழில்.

ஏற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. செட்டிப்பாளையத்தில் ஆண்டுதோறும் ஃபார்முலா பாரத் என்ற போட்டி நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய சிறு பந்தயக் கார்களோடு நாடெங்கிலும் இருந்து வருவார்கள். ஒரு வருடம் அதற்குக் கிளம்பிய மாணவர்கள் சிலர் சங்ககிரியில் லோடு டெம்போ பிடித்துக் கார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஷெட்டில் இருந்த வயதான லாரிக்காரர் எழுந்து வந்து, சற்று நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "கண்ணுகளா, எறங்குன ஒடனே எது வேணும்னு மொதல்ல ரோசன பண்ணுங்க. அது கடைசியா ஏறோணும். ஜாக்கிய உள்ளார வெச்சு அதுக்கு முன்னால காரை ஏத்திப்போட்டா, எறக்கறப்ப ஜாக்கிக்கு எங்க போவீங்க?" என்றார். அவர்கள் பெல்ட்டைச் சட்டத்தில் கோத்து இறுக்கியிருந்தார்கள். அதையும் அவிழ்க்கச் சொன்னார். "ரிம்முல போட்டு இழுங்க. சட்டத்த இழுத்துக் கட்டுனா பெருந்துறை போறதுக்குள்ள சஸ்பென்ஷன் அடி வாங்கிப்போயிரும்." மாணவர்கள் "சரிங்கய்யா" என்று மறுபடி முதலில் இருந்து ஏற்றினார்கள். அந்த மனிதர் கார்ப் பந்தயத்தைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் அவர் சொன்ன இரண்டும் உலகத்தின் எந்தப் பந்தய அணியிலும் புதிதாகச் சேர்கிறவருக்குக் கற்றுத்தரும் பாடங்கள்.

உலகத்தின் பெரிய அணிகளுக்கும் இதே தலைவலிதான், அளவு மட்டும் பெரிது. 2024-ல் ஃபார்முலா ஒன்னில் 24 பந்தயங்கள். காரையும் என்ஜினையும் விமானத்தில் அனுப்புவார்கள். மேசை, தடுப்புச் சுவர், சமையல் சாமான் போன்ற கனமான, விலை குறைந்த பொருட்களில் ஒரே மாதிரி ஐந்தாறு செட் செய்து, கப்பலில் வெவ்வேறு நாடுகளுக்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பார்கள். ஒரு செட் ஜப்பானில் இறங்கும்போது இன்னொரு செட் கடலில் மிதந்துகொண்டிருக்கும். ஐரோப்பாவுக்குள் என்றால் எல்லாம் லாரிதான். அடுத்தடுத்த வாரங்களில் பந்தயம் வந்தால் மாற்று டிரைவர் போட்டு வண்டி நிற்காமல் ஓடும். அந்த டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போவதில்லை. திடலில் டயர் கழுவுவது, காற்றழுத்தம் பார்ப்பது போன்ற பொறுப்புகளும் அவர்களில் பலருக்கு உண்டு. அணியின் சீருடை போட்ட முழு உறுப்பினர்கள் அவர்கள். லாரி டிரைவருக்கு அந்த மரியாதை கிடைப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வரும்.

சரக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் நடந்ததைச் சொல்லலாம். மோட்டோ ஜிபி பைக் பந்தயத்துக்குச் சாமான் ஏற்றி வந்த சரக்கு விமானம் ஒன்று பழுதாகிக் கென்யாவின் மொம்பாசாவில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முழுவதையும் ரத்து செய்தார்கள். உலகச் சாம்பியன்கள் பைக் இல்லாமல் காத்திருந்தார்கள். மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் நெருக்கி முடித்தார்கள். திடலுக்குள்ளேயே சாமான் இருந்தும் கெட்டுப்போன கதையும் உண்டு. 2016 மொனாக்கோ பந்தயத்தில் ரெட் புல் அணியின் டேனியல் ரிக்கியார்டோ முன்னிலையில் இருந்தார். டயர் மாற்றப் பிட்டுக்குள் வந்து நிறுத்தினார், டயர் வெளியே வந்திருக்கவில்லை. எந்த வகை டயர் என்று கடைசி நேரத்தில் முடிவை மாற்றியதில் வந்த வினை. ஆட்கள் உள்ளே ஓடி எடுத்து வந்து மாட்டுவதற்குள் லூயிஸ் ஹாமில்டன் முந்திவிட்டார், பந்தயமும் அவருக்கே போனது. ரிக்கியார்டோ அன்று ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை.

போட்ட திட்டம் குலைந்துபோகிற அனுபவம் சென்னைக்கும் உண்டு. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப் பந்தயம் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்தது. அந்த வாரம்தான் மிக்ஜாம் புயல் நகரத்தை மூழ்கடித்தது. பந்தயம் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் இரவு விளக்கொளியில் நடந்தது. முதல் நாளே மழை. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் தடச் சான்றிதழ் வரத் தாமதமாகி, நீதிமன்றத்தில் கூடுதல் நேரம் கேட்க வேண்டி வந்தது. அப்படி ஒரு மாலையில் அணி மேலாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஓடுமா ஓடாதா தெரியாது, ஆனால் எந்த நிமிடம் கூப்பிட்டாலும் கார் தயாராக இருக்க வேண்டும். ஆட்கள் சாப்பிட்டிருக்க வேண்டும், மழை டயரும் காய்ந்த டயரும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அங்கே ஓடிய இந்தியன் ரேசிங் லீக்கில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரிக் கார்தான். வண்டியில் வித்தியாசம் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஓட்டுநரும் இந்த ஏற்பாடுகளும்தான்.

2025 ஜனவரியில் துபாயில் நடிகர் அஜித்குமாரின் அணி 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கித் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. சில நாட்களுக்கு முன் பயிற்சியில் அவர் கார் சுவரில் மோதிச் சுழன்ற காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த விபத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவில் இருந்த நாட்களைப் பற்றி இங்கே யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஓட்டுநர்களை எப்படிப் பிரிப்பது, 24 மணி நேரத்துக்கு ஆட்களை எப்படி முறை வைத்துத் தூங்கவைப்பது என்று அப்போது மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்த அணிக்குத் தொழில்நுட்பத் துணையாக நின்றது பாஸ் கூட்டன் ரேசிங் என்ற நெதர்லாந்து நிறுவனம். அதில் குறை காண எதுவுமில்லை, அனுபவம் உள்ளவர்களிடம்தான் போக முடியும். அந்த அனுபவத்தின் பெரும்பகுதி நம் மண்ணில் வேறு பேரில் கிடக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பாருங்கள். துளை போடும் வண்டி ஒன்று, ராடும் டீசலும் சாமானும் சுமக்கும் துணை லாரி ஒன்று. கூடவே மேனேஜர், டிரில்லர், டிரைவர்கள், சமையல்காரர், உதவியாட்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியே இருப்பார்கள். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய ரிக்குகளும் உண்டு. மொழி தெரியாத கிராமத்தில் நள்ளிரவில் ஹோஸ் வெடித்தால், மாற்று ஹோஸ் அந்த வண்டியிலேயே இருந்தாக வேண்டும். எந்த டிரில் பிட்டு எத்தனை அடிக்குத் தேயும், டீசல் அடுத்து எங்கே கிடைக்கும், எந்த மாநிலத்துக்கு எந்தப் பெர்மிட், ஆளுக்குச் சம்பளம் எந்தத் தேதி என்பதெல்லாம் மேனேஜர் தலையில் இருக்கும். நாமக்கல் எல்பிஜி டேங்கர் ஆபீஸ்களிலும் ஆபத்தான சரக்கை, தனிப் பயிற்சி பெற்ற டிரைவரை, தேதி தவறக் கூடாத எஃப்.சி.யை அன்றாடம் சமாளிக்கிறார்கள். பாடி கட்டும் பட்டறைகளில் எந்த எடை எந்த ஆக்சில் மேல் விழ வேண்டும் என்று கண்ணால் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பந்தய மேலாண்மையில் இவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது விதிப் புத்தகமும் கொஞ்சம் ஆங்கிலமும்தான்.

இப்பகுதியில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பந்தயக் கார் கட்டும் மாணவர் குழுக்களும் இருக்கின்றன. அந்தக் குழுக்களில் எல்லாருக்கும் ஓட்ட ஆசை, மிஞ்சியவர்களுக்கு வடிவமைக்க ஆசை. "டெம்போ பிடிக்கிறவன்" என்று ஒருவனைத் தள்ளிவிடுவார்கள். அவனைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். கல்லூரிகள் அவனை ஒரு மாதம் ரிக் ஆபீஸில் உட்காரவைக்கட்டும், ஒரு மாதம் டேங்கர் ஆபீஸில் உட்காரவைக்கட்டும். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தய வாரம் அணியோடு தங்கவைக்கட்டும். மோட்டார் பந்தயத்தைத் தூக்கிவிட முன்வந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பந்தயத்துக்கு அணிகளுக்கு ஆள் தேவைப்படும்போது, கோவையிலும் சென்னையிலும் மட்டும் தேடச் சொல்லாதீர்கள். நாமக்கல்லில் ஒரு நாள் நேர்காணல் வைக்கச் சொல்லுங்கள். வருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்பதற்கு முன், ஒரு காரையும் அதன் சாமான் அத்தனையையும் காட்டி, காலி லாரி ஒன்றைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள்.