உண்மைக்குக் குலம் கேட்டனர்!

வடதுருவப் பனிக்கடலின் வரலாற்றை வீரக் கதையாகவே நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றனர். வீரம் இருந்தது, மறுக்கவில்லை நாம். ஆனால் அந்த வீரத்தின் பின்னே ஒரு வெட்கக்கேடும் உண்டு. அதைப் பேசுவோர் குறைவு, ஆகவே பேசுகிறோம்.

1845ஆம் ஆண்டு மே மாதம். வடமேற்குக் கடல்வழி காண, சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் எனும் இரு கப்பல்களை அனுப்பியது பிரிட்டிஷ் கடற்படை. புகைவண்டி எந்திரம் பூட்டிய கப்பல்கள், மூன்றாண்டுக்கான உணவு, ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள். எல்லாம் இருந்தன, அந்தப் பனியிலேயே பிறந்து வாழும் இனுயிட் மக்களுள் ஒரு வழிகாட்டி மட்டும் இல்லை! சென்ற 129 பேரில் ஒருவரும் மீளவில்லை.

1854ஆம் ஆண்டில் செய்தி கொணர்ந்தவர் ஜான் ரே. ஆர்க்னித் தீவில் பிறந்த மருத்துவர். இனுயிட் மக்களிடம் பனிவீடு கட்டக் கற்றவர். அவர்களைப் போலவே வேட்டையாடி உண்டு, நெடுந்தொலைவு நடந்தவர். தாங்கள் கேட்டறிந்ததை அம்மக்கள் அவரிடம் கூறினர். வெள்ளையர் பலர் தெற்கு நோக்கி நடந்து பசியால் மாண்டனர். இறுதியில், இறந்த தோழரின் உடலையே உண்டனர். வெறும் வாய்ச்சொல்லா அது? பிராங்க்ளினின் பதக்கமும், அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டிகளும் சான்றாக வந்தன.

இலண்டன் கொதித்தது. பேனாவை ஏந்திப் பாய்ந்தவர் யார்? சார்லஸ் டிக்கன்ஸ்! அனாதைச் சிறுவன் ஆலிவருக்காக உலகைக் கண்ணீர் சிந்த வைத்த அதே டிக்கன்ஸ்! ஆங்கிலக் கடற்படையினர் இது செய்யார். சொன்னவர்களோ காட்டுமிராண்டிகள், அவர்களே கொன்றிருக்கவும் கூடும் என்று தம் வார இதழில் வாதாடினார். பிணத்தைக் கண்டாரா? இடத்தைக் கண்டாரா? இல்லை. பிறப்பைக் கண்டார், தீர்ப்பை எழுதினார். படிப்பு பெருகினால் பகுத்தறிவு தானே வந்துவிடும் என்று நம்பியிருக்கும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஐயுறுவது அறிவுதானே என்பர் சிலர். ஆம், அறிவுதான். ஆனால் இனுயிட் மக்களின் சொல்லை ஐயுற்றவர், 'ஆங்கிலேயன் செய்யான்' என்ற தம் நம்பிக்கையை ஒரு கணமேனும் ஐயுற்றாரா? அதை மட்டும் வேதவாக்காக அல்லவா வைத்துக்கொண்டார்!

எலும்புகள் பேசின. கிங் வில்லியம் தீவில் கிடைத்தவற்றில் கத்தி கீறிய தடங்கள் உள்ளன என்று 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. எரிபஸ் கப்பலின் கேப்டன் பிட்ஸ்ஜேம்சின் தாடை எலும்பு, 2024ஆம் ஆண்டில் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டது. அதிலும் அதே தடம்! கப்பல்கள்? இனுயிட் வாய்மொழி சுட்டிய கடற்பகுதியில் எரிபஸ் 2014ஆம் ஆண்டில் கிடைத்தது. டெரர் 2016ஆம் ஆண்டில், ஓர் இனுயிட் வேட்டைக்காரர் தந்த குறிப்பால்.

1866ஆம் ஆண்டிலேயே இலண்டனில் பிராங்க்ளினுக்குச் சிலை எழுந்தது. அவரும் தோழர்களும் உயிர் ஈந்து வழியைக் கண்டு முடித்தனர் என்று எழுத்தும் பொறித்தாயிற்று. ஆனால் கப்பலிலேயே அவ்வழியை முதலில் கடந்தவர் நார்வேயின் அமுண்ட்சென், 1903 முதல் 1906 வரை. அதுவும் ரே கண்டறிந்த நீரிணை வழியாக, இனுயிட் மக்களிடம் இரு குளிர்காலம் பாடம் கேட்டு! ரேயின் நினைவுக்கல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்குள் நுழைய 2014 வரை காத்திருந்தது. டிக்கன்சை 1870ஆம் ஆண்டிலேயே அங்கு அடக்கம் செய்துவிட்டார்கள்.