நாய்க்கு ஒரு வைத்தியமா?

"நாய்க்கு வைத்தியமா? மனிதனுக்கே கிடைக்காத ஊரில் நாய்க்கு என்ன கேடு?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. கேலியாக அல்ல, வயிற்றெரிச்சலோடுதான் கேட்கிறார்கள். ஆகவே பதில் சொல்லியாகவேண்டும்.

சீமான் வீட்டுச் சோபாவில் உறங்கும் நாயைப் பற்றி நாம் பேச வரவில்லை. அதைத் தேடி வைத்தியரே வருவார்! நாம் பேசுவது புளியஞ்சோலையில், கொல்லிமலை அடிவாரக் கொட்டகையில், இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் நாயைப் பற்றி. மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் முதல் குரல் அதனுடையது. நெல் மூட்டையை எலியிடமிருந்து காப்பது பூனை. இரண்டும் கூலி கேட்காத காவலாளிகள்.

அந்த நாயைப் பாம்பு தீண்டுகிறது. பெரும்பாலும் மூக்கிலோ முன்னங்காலிலோதான் கடி விழும். மோந்து பார்க்கப் போவதுதானே அதன் சுபாவம்! கண்ணாடி விரியனென்றால் கடிவாய் வீங்கும், இரத்தம் உறையாமல் கசியும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ என்றால் பின்னங்கால் தள்ளாடும், இமை தொங்கும், மூச்சுத் திணறும். நாம் என்ன செய்கிறோம்? மஞ்சளை அரைத்துப் பூசுகிறோம். கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம். "விடியட்டும், பார்க்கலாம்" என்கிறோம். விடிகிறது, நாய் இல்லை.

கட்டும் வேண்டாம், கீறலும் வேண்டாம். நடக்கவிடாமல் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு அந்த இரவிலேயே கிளம்பவேண்டும். மனிதனுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர் யார்? 1978-இல் தோன்றி வடநெம்மேலியில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்தின் இருளர் பாட்டாளிகள்! நம்மவர் உயிரைப் பணயம் வைத்து எடுப்பது, நம் கொட்டகைக்கு மட்டும் எட்டாமலிருப்பதா?

எந்த ஆபத்தானாலும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் ஒரு நிமிடமும் வீணாக்கலாகாது. எலி மருந்து தின்றிருந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உறையையும் கையோடு கொண்டுபோங்கள். சிலவகை எலி மருந்து உடனே எதுவும் காட்டாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசியும். ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லையென்றால் "மலச்சிக்கல்" என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பாரசிட்டமால் இருக்கிறதே, அது ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

குரல் மாறி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் திணறும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதென்று கையை விடுவாரும் உண்டு. அது வெறிநோயாகவும் இருக்கலாம், தோழர்களே! பல் பட்டாலும், கீறலில் எச்சில் பட்டாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஊசிக்குப் போகவேண்டும். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் தோன்றியது. நூறாண்டு கடந்தும் நாம் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறோம்.

மலைக்கு அந்தப் பக்கம் நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உண்டு. நல்லது, பாராட்டுகிறோம். ஆனால் பாம்பு இரவில் அல்லவா வருகிறது? அடிவாரத்து மருந்தகங்களில் இரவு வைத்தியரும் விஷமுறிவு மருந்தும் வேண்டுமென்று அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதுவரை, இரவில் வண்டி எடுக்கக்கூடிய தோழர் யார், பக்கத்து வைத்தியரின் எண் என்ன என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டிவையுங்கள்.