கறளும் பழைய வர்ணமும்

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, மண்ணெண்ணெயில் ஓடி நம் குடாநாட்டுக்கு உதவியவை ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களே. அவற்றைப் பேணுவோருட் சிலர் கறளின்மேலேயே புது வர்ணம் பூசிவிடுகின்றனர். அது புண்ணை ஆற்றாது பட்டால் மூடுவது போன்றதாம். இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினாற் கறள் பிறக்கும்; கடற்காற்றின் உப்பு அதனை விரைவுபடுத்தும். பூச்சின் கீழ் மறைந்த கறளோ தகட்டை மேலும் அரிக்கும்.

ஆதலின், தகடு பளிச்செனத் தெரியுமட்டும் பழைய பூச்சைக் களைதல் வேண்டும். பின்னர் ஈரமின்றி உலர்த்தி, அன்றைக்கே அடிப்பூச்சு இடுதல் வேண்டும். தாமதித்தால் ஈரக்காற்றில் மீண்டும் கறள் படியும்.

மாணவர்களும் பெற்றோரும் ஒன்றை மறத்தலாகாது. அக்காலத்து வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அண்மையில் அயல்வீட்டு முற்றத்தில் ஒருவர் தூசி பறக்கச் சுரண்டிக்கொண்டிருந்தார். அருகே மண்ணில் விளையாடிய அவர் குழந்தை கையை வாயில் வைத்தது கண்டு பதறினேன். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; அக்கேடு பின்னர் மாறுவதில்லை.

நீரில் நனைக்கத்தக்க மண்கடதாசியால் தேய்த்து, மூக்கையும் வாயையும் மூடி, துகளைத் திரட்டி அகற்றுக. பழைய வர்ணத்தைத் தீயாற் கருக்கற்க. பிள்ளைகளை அண்டவிடற்க.

கார் இன்னொரு தலைமுறை ஓடட்டும். அதனால் அத்தலைமுறைக்கே தீங்கு வரலாகாது.