‘எல்லாம் போனில் இருக்கிறது’ என்கிறார்கள்! எழுதியது யார்?

சிங்காநல்லூரில் ஒரு லைன் வீடு. அப்பா ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்டு. அம்மாவுக்கு கோன் வைண்டிங்கில் பகல் வேலை. மகள் சர்க்கார் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறாள். ‘நமது வட்டாரத்தின் தொழில் வளர்ச்சி’ என்று பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் எழுதி வரச் சொன்னார்கள். வீட்டில் புத்தகம் இல்லை. பெண் என்ன செய்யும்? தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனது. கடைக்காரர் தலைப்பைத் தட்டினார், வந்ததை அச்சடித்தார், கலர் அட்டை போட்டு ஸ்பைரல் கட்டிக் கொடுத்தார். அறுபது ரூபாய். தாயின் கூலியில் எத்தனை மணி நேரம் அது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ப்ராஜெக்டை நான் முழுவதும் படித்துப் பார்த்தேன். முதல் நான்கு பக்கம் ஒரு மில்லின் விளம்பர ஏட்டிலிருந்து அப்படியே எடுத்தது. ஸ்தாபகர் எப்போது பிறந்தார், எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார், எத்தனை தர்மம் செய்தார் என்றெல்லாம் இருந்தது. அந்த மில்லில் நூல் நூற்றவர்கள் யார் என்று ஒரு வரி கிடையாது! கதிர்கள் தாமாகவே சுற்றின போலும்.

ஐந்தாம் பக்கம்தான் அந்தப் பெண்ணைக் கலங்க வைத்தது. தாத்தா சொன்ன கதையை நினைவில் வைத்து, சின்னியம்பாளையம் தியாகிகள் பற்றியும் சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் கைபேசியில் உள்ள ஒரு பேசும் யந்திரத்திடம் கேள்வி கேட்டு, அது சொன்ன பதிலை ஒட்டிவிட்டார். நால்வரில் மூவர் பெயர் தப்பு. ஆண்டு 1952 என்று இருந்தது.

“ஏனுங்க மாமா, தாத்தா சொன்னது ஒண்ணு, இதுல இருக்கறது ஒண்ணு. எதுங்க சரி?” என்று கேட்டாள்.

தாத்தா சொன்னதுதான் சரி. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்டுதோறும் அதே தேதியில் சின்னியம்பாளையத்தில் அஞ்சலி செலுத்துகிறோம். இந்த நாட்டை வெள்ளைக்காரன் ஆண்டபோது நடந்த தூக்கை, சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து நடந்ததாக ஒரு யந்திரம் கூசாமல் சொல்கிறது. அதைப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிறது.

இந்த யந்திரத்துக்கு ஏன் வெட்கமில்லை? அது படித்து அறிந்து பதில் சொல்வதில்லை. முன்பு விழுங்கிய கோடானுகோடி வாக்கியங்களை வைத்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்துக் கோத்துத் தருகிறது, அவ்வளவே. ஆங்கிலத்தில் மலைபோல் எழுத்து கிடக்கிறது. அங்கேயே பலமுறை தடுமாறுகிறது. தமிழில் அதற்குக் கிடைத்த தீனி கொஞ்சம். அதிலும் கோவைத் தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், மேஸ்திரி மாதிரி அதிகாரமாக அடித்துவிடுகிறது. 2022 நவம்பரில் இந்த ரகம் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2024 முதல் கூகுளில் தேடினாலும் பல நேரம் இதே மாதிரி யந்திரப் பதில்தான் தலைமாட்டில் வந்து உட்காருகிறது.

இந்த நிலைமையில்தான் சில கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள்: “எல்லாம் போனில் இருக்கிறது, இனி நூலகம் எதற்கு? தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் இப்போது ஒரே அறிவுதானே!”

ஒரே அறிவா? அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கணினி உண்டு, ஆங்கிலம் உண்டு, தப்பைத் திருத்திச் சொல்லப் படித்த தகப்பன் உண்டு, தனி டியூஷன் உண்டு. நம் பிள்ளைக்கு இருப்பது அப்பா ஷிப்டு முடிந்து வந்த பிறகு கிடைக்கும் ஒரு கைபேசி. அதைத் திறந்தால் முதலில் வருவது காசு கொடுத்தவனின் சரக்கு. பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஸ்பான்சர்’ என்று போட்டிருக்கும். அதை யார் கவனிக்கிறார்கள்? சந்தையில் முன்வரிசைக் கடை பிடித்தவன் சரக்கெல்லாம் நல்ல சரக்கு என்று நம்புவோமா நாம்?

ஆனால் ஒன்று. இணையமே மோசம், போனைப் பிடுங்கி வை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல சரக்கும் அங்கே இருக்கிறது, அதுவும் காசில்லாமல். அதை நம் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்க ஆளில்லை என்பதுதான் கோளாறு.

நம் கொங்கு மண்ணின் ஒரு பெருங்காரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் முதல் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். அந்த வேலையைத் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர் கோவைக்காரர் அவினாசிலிங்கம். நூற்றுக்கணக்கான அறிஞர்கள் உட்கார்ந்து எழுதி, திருத்தி, சரிபார்த்த உழைப்பு அது. பின்னர் குழந்தைகளுக்கென்றே தனியாகவும் பத்துத் தொகுதிகள் வந்தன. பிரவுசிங் சென்டர்காரர் தட்டியபோது இது ஏன் வரவில்லை? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இது முழுவதும் இருக்கிறது. 2001இல் பொதுப்பணத்தில் தொடங்கிய ஸ்தாபனம் அது. அதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, ஆகவே அது பின்னால் நிற்கிறது.

அதிலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. அந்தப் பழைய தொகுதிகளில் ஈரோடும் திருப்பூரும் கோவை ஜில்லாவில்தான் இருக்கும். அன்றைக்கு அது வாஸ்தவம். ஈரோடு 1979இல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. திருப்பூர் 2009இல் தனி மாவட்டமானது. நூல் பொய் சொல்லவில்லை, காலம் மாறிவிட்டது. எந்த வருஷத்துப் புத்தகம் என்று பார்க்காமல் எழுதிய பிள்ளைக்குத்தான் மார்க் போகும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இப்போது ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல். எழுதுபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் அது குப்பை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். திருத்தலாம், திருத்தியவன் என்ன திருத்தினான் என்பதும் ‘வரலாறு’ என்ற இடத்தில் பதிவாகி நிற்கிறது. எந்த மில் முதலாளியின் விளம்பர ஏட்டில் அந்த வசதி உண்டு? வாக்கியத்தின் முடிவில் சின்ன எண் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று காட்டும். எண் இருக்கிற வரியை நம்பத் தொடங்கலாம். எண் இல்லாத வரியை இன்னோர் இடத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

இலக்கியப் பாடத்துக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தமிழர்கள் வேலை முடிந்த நேரத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றி வருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்களே, கிட்டத்தட்ட 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நெருப்பை மறக்காத ஈழத்துத் தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணையச் சேமிப்பைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைக்கிறார்கள். நம் சர்க்கார் பாடநூல்கள் அத்தனையும் இணையத்தில் இலவசம். 2018 முதல் புதுப் பாடநூல்களில் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் அச்சிட்டு வருகிறார்களே, அதைப் போனில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான படமும் விளக்கமும் வரும். எத்தனை வீட்டில் இதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

சரிபார்ப்பது ஏதோ படித்தவர்களுக்கே உரிய வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்து இழையின் நீளத்தைச் சொல்கிற மிக்சிங் தொழிலாளி நம்மிடம் இருக்கிறார். விதை மூட்டையில் சான்றுத் துறையின் நீல அட்டை தைத்திருக்கிறதா, தேதி கடந்துவிட்டதா என்று பார்க்காமல் எந்த விவசாயத் தொழிலாளியாவது தன் குத்தகைக் காட்டில் விதைப்பாரா? அதே கண்தான் இங்கும் வேண்டும். எழுதியவன் யார்? பெயர் போட்டிருக்கிறானா? எந்த வருஷம்? இதனால் அவனுக்கு என்ன லாபம்? முகவரியின் வாலில் ‘ஜிஓவி டாட் இன்’ என்று இருந்தால் சர்க்கார் தளம். மக்கள்தொகை, மாவட்ட எல்லை, சட்டம் போன்ற கணக்குக்கு அங்கே போகலாம். சர்க்கார் தன் புகழைத் தானே பாடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உப்புப் போட்டுப் படிக்க வேண்டும். நம் பத்திரிகையில் வந்தது என்பதற்காகவும் ஒன்றை அப்படியே எழுத வேண்டாம். பெயரையும் தேதியையும் இன்னோர் இடத்தில் ஒத்துப் பாருங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இதையெல்லாம் நம் பிள்ளைக்கு யார் உட்கார வைத்துச் சொல்லித் தருவது? நூலகர் சொல்லித் தர வேண்டும். அதற்குத்தான் நூலகம்! சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை ராஜ்யத்தில்தான் வந்தது. அப்போது கல்வி மந்திரி அதே அவினாசிலிங்கம். சட்டத்துக்கு வழிகாட்டியவர் எஸ். ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டப்படி இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது, ரூபாய்க்குப் பத்துப் பைசா. எனக்குச் சொந்த வீடில்லையே என்று லைன் வீட்டுக்காரர் நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

வசூலித்த இந்தப் பணத்தை நூலகத் துறைக்குக் கொடுக்காமல் உள்ளாட்சி மன்றங்கள் பல பாக்கி வைத்திருக்கின்றன என்று பத்திரிகைகளில் திரும்பத் திரும்பச் செய்தி வந்திருக்கிறது. நம்மிடம் வாங்கிய பணம்! நூலகத்துக்கு என்று சொல்லி வாங்கிய பணம்! தொழிலாளியிடம் பிடித்த பி.எப். பணத்தைக் கட்டாத முதலாளியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

கோவையில் காந்திபுரத்தை ஒட்டி அனுப்பர்பாளையத்தில் 300 கோடி ரூபாய் மதிப்பில் பெரியார் பெயரில் நூலகமும் அறிவியல் மையமும் கட்ட 2024 நவம்பர் 6 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் அன்னூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் மகன் ஒரு ப்ராஜெக்டுக்காக அங்கே பஸ் ஏறி வர முடியுமா? அவனுக்கு வேண்டியது அவன் ஊர்ப் பகுதிநேர நூலகம், அவன் பள்ளி விட்டு வரும் சாயங்காலத்தில் திறந்திருப்பது. அங்கே வேலை செய்கிற கணினி இரண்டு, இணையம், சொல்லித் தர ஒரு நூலகர். நான் போய்ப் பார்த்த ஒரு கிராமத்து நூலகத்தில் கணினி உறை பிரிக்காமல் இருந்தது. பிளக் பாயிண்ட் இல்லையாம்.

ஆகவே உங்கள் ஊர் மன்றத்துக்கு ஒரு மனு போடுங்கள். 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். சென்ற மூன்று வருஷத்தில் நூலக வரி எவ்வளவு வசூல், அதில் நூலகத் துறைக்கு எவ்வளவு போனது, பாக்கி எவ்வளவு, உங்கள் ஊர் நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். எழுத வராதவர்கள் சங்க ஆபீசுக்கு வாருங்கள். சிங்காநல்லூர்ப் பெண் தன் ஐந்தாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறாள். மனுவும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். வரும் பதில்களை ஊர் பெயரோடு இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஒன்று விடாமல் பிரசுரிப்போம்.