எந்தத் தாள் உயிரைக் காக்கும்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. அந்த 61 நாட்களில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். மீன்வளத் துறையின் ஆண்டு ஆய்வும் இந்தச் சமயத்தில்தான். அதிகாரிகள் படகு படகாக ஏறிப் பார்ப்பார்கள். உரிமையாளர் கையில் ஒரு ஃபைலோடு நிற்பார். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், மானிய டீசல் புத்தகம், காப்பீட்டுத் தாள், ஆதார் நகல். படகின் நீளம், அகலம், இன்ஜினின் குதிரைத்திறன் எல்லாம் தாளில் உள்ளபடியே இருக்க வேண்டும். "ஒரு தாள் குறைஞ்சாலும் டீசல் நின்னுரும்ண்ணே" என்றார் ஓர் உரிமையாளர். டீசல் நின்றால் படகு நிற்கும். படகை நம்பியிருக்கும் அத்தனை வீட்டிலும் கடன் ஏறும்.

இந்தத் தாள்களெல்லாம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகை நடுக்கடலில் கைப்பற்றி, அதில்தான் நம் கரையை நெருங்கினார்கள். அதற்குப் பிறகே படகுப் பதிவு இறுக்கமானது. மாநிலத்துக்கு ஒரு நிறம் வந்தது, மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை வந்தது, பதிவு ஆன்லைனுக்குப் போனது. இது யாருடைய படகு என்று கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால், படகில் போனவன் வீடு திரும்புவானா என்ற கேள்விக்கு அந்த ஃபைலில் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கான தாள்கள் வேறு. அவற்றைத்தான் நாம் இன்னும் ஒழுங்காகக் கேட்கப் பழகவில்லை.

ஆய்வில் லைஃப் ஜாக்கெட்டும் பார்க்கப்படுகிறது. இருக்கிறதா, எத்தனை என்று. நான் பார்த்த படகொன்றில் அவை கேபினில், கூரையோரம் செருகிக் கிடந்தன. பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். "வலை இழுக்கும்போது வின்ச்சுல வார் மாட்டுச்சுன்னா ஆளையே சுருட்டிரும்" என்றார் டிரைவர். நியாயமான பயம். உடம்போடு ஒட்டிக் கிடந்து, தண்ணீரில் விழுந்ததும் காற்றடைத்துக்கொள்ளும் மெல்லிய ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. விலைதான் கைக்கு எட்டாது. மானியம் அதற்குக் கொடுத்தால் தகும்.

உறையைப் பிரித்து லேபிளைத் தேடினேன். ஒன்றில் தயாரித்த நிறுவனத்தின் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, எத்தனை கிலோ எடையுள்ள ஆளைத் தாங்கும் என்பது எல்லாம் அச்சிட்டிருந்தது. அதே படகில் இன்னொன்று: ஆரஞ்சுத் துணி, உள்ளே ஏதோ நுரை, நெஞ்சில் பெரிய எழுத்தில் 'லைஃப் ஜாக்கெட்'. அவ்வளவுதான். யார் செய்தது, எப்போது செய்தது, தண்ணீரில் போட்டுப் பார்த்தார்களா, எதுவும் தெரியாது. ஆய்வுப் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே டிக்.

பன்னாட்டுக் கப்பல்களுக்கான ஜாக்கெட்டுக்கு விதி கடுமையானது. 24 மணி நேரம் நல்ல தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் மிதக்கும் திறன் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. மயங்கியவன் குப்புற விழுந்தாலும் அவனை மல்லாக்கத் திருப்ப வேண்டும். வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். விசில் வேண்டும், விளக்கு வேண்டும். இதெல்லாம் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதித்ததற்குச் சாட்சி தாள்தான். தயாரிப்பாளரிடம் ஏன் இத்தனை ஆவணம் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு நியூயார்க்கில் நடந்த ஒன்றைச் சொல்வேன்.

1904 ஜூன் 15. 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிப் படகில், ஜெர்மானியக் குடியேறிகளின் தேவாலயம் ஒன்று ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்கு 1,300க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஈஸ்ட் ஆற்றில் போகும்போது தீப்பிடித்தது. தீயணைக்கும் குழாய் இற்றுப் போயிருந்ததால் தண்ணீர் திறந்ததும் வெடித்துக் கிழிந்தது. மிதவைச் சட்டைகள் 13 ஆண்டுகளாக மாட்டிய இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் கிடந்தவை. எடுத்த கையோடு துணி கிழிந்தது, உள்ளிருந்த கார்க் தூளாகக் கொட்டியது. தாய்மார்கள் அந்தச் சட்டையைப் பிள்ளைகளுக்கு மாட்டி, பிழைத்துக்கொள்ளும் என்று ஆற்றில் இறக்கினார்கள். பிள்ளைகள் மூழ்கினார்கள். மொத்தம் 1,021 பேர் இறந்தார்கள்.

அந்தப் படகுக்குச் சான்றிதழ் இருந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு முன்புதான் அரசு ஆய்வாளர் ஒருவர் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அதைவிட என்னை உலுக்குவது விசாரணையின்போது வெளிவந்த மற்றொரு விஷயம். ஒரு மிதவைச் சட்டையில் இத்தனை எடை நல்ல கார்க் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. கார்க் விலை அதிகம். எடையைச் சரிக்கட்ட ஒரு தயாரிப்பு நிறுவனம் கார்க் கட்டைகளுக்குள் இரும்புத் துண்டுகளைச் செருகியிருந்தது. உயிர் காக்கும் சட்டைக்குள் இரும்பு! தராசில் வைத்தால் எடை சரி, தாளிலும் சரி. கப்பல் தலைவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்ட ஆய்வாளருக்குக் கடைசிவரை தண்டனை கிடைக்கவில்லை.

எடையை மட்டும் கேட்ட விதிக்கு எடை கிடைத்தது. மிதக்குமா என்று கேட்டிருக்க வேண்டும். நம் ஆய்வுப் படிவத்தில் 'எத்தனை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'யார் தயாரித்தது, எந்த ஆண்டு, எந்தத் தொகுதி' என்று கூடுதலாகக் கேட்டால் போதும், பெயரில்லாத ஜாக்கெட்டுகள் துறைமுகக் கடைகளிலிருந்து தானே மறையும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு தாள் இருக்கிறது. எல்லாவற்றையும்விட எளிது அது. ஆள் கணக்கு.

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயலானது. முதல் நாள் வரை தாழ்வு மண்டலமாக இருந்தது. அதற்குள் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். செல்போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது, படகில் இருக்கும் வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. பல படகுகள் கிளம்பியதே கேரளத்துத் துறைமுகங்களிலிருந்து. வேலைக்குப் போனவர்களில் வெளி மாநிலத்துப் பையன்களும் உண்டு.

அந்த நாட்களில் எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். அரசு ஒன்று சொன்னது, மீனவர் சங்கத்தினர் ஒன்று சொன்னார்கள். பங்குத் தந்தைகளும் இளைஞர்களும் வீடு வீடாகப் போய்க் கேட்டு, நோட்டில் எழுதித் திரட்டிய பட்டியல்களைத்தான் ஊர் நம்பியது. படகின் பதிவுச் சான்று இருந்தது, டீசல் கணக்கு லிட்டர் சுத்தமாக இருந்தது. அந்தப் படகில் ஏறியவன் பெயர் எங்கும் இல்லை.

பெயர் இல்லாததன் பாரம் புயலோடு முடியவில்லை. உடல் கிடைக்காதவரை இறப்புச் சான்றிதழ் கிடையாது. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டம். ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் தர அந்தக் காத்திருப்பைப் பின்னர் தளர்த்தினார்கள். அதற்கும் முன்னால், என் கணவன் இந்தப் படகில்தான் போனான் என்று ஒரு பெண் நிரூபிக்க வேண்டியிருந்தது. கரையில் யாரிடமும் பட்டியல் இல்லாதபோது அவள் எதைக் காட்டுவாள்?

இப்போது படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். 1 லட்சம் படகுகளுக்கான திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. செல்போன் எட்டாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்பலாம், எல்லை நெருங்கினால் எச்சரிக்கும், புயல் தகவல் வரும். மிக நல்ல கருவி. ஆனால் அது படகு எங்கே இருக்கிறது என்று சொல்லும். படகில் யார் யார் என்று சொல்லாது. அதற்கு ஒரு சீட்டு போதும்.

ஃபைல் கனமாகிவிட்டது, இன்னும் இரண்டா என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1980இல் ஒரு சட்டம் வந்தது, 1995இல் திருத்தினார்கள். எந்த அரசுத் துறையும் மக்களிடம் ஒரு படிவம் கேட்பதானால், அதை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு வெளியிட வேண்டும். ஏன் தேவை என்று சொல்லி, 60 நாட்கள் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அனுமதி அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். அனுமதி எண் இல்லாத படிவத்தை நிரப்பாததற்காக யாரையும் தண்டிக்க முடியாது. படகு உரிமையாளரிடமும் ஜாக்கெட் தயாரிப்பாளரிடமும் தாள் கேட்கும் அந்நாட்டுக் கடலோரக் காவல்படையும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதே. அங்கே படகு கட்டுபவர் முதலில் வாங்கியவரின் முகவரியைக் குறித்து வைத்திருக்க வேண்டும் என்றொரு விதியும் உண்டு. படகில் குறை தெரிந்தால் அவருக்கு எழுதிச் சொல்வதற்காக அது. ஒரு தாளுக்கு இப்படி ஒரு காரணம் இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மீன்வளத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடைக்காலத்துக்குள் மீனவர் சங்கங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஃபைலில் உள்ள ஒவ்வொரு தாளையும் எடுத்து எதற்கு என்று கேளுங்கள். ஒரே ஆதார் நகலை நான்கு இடத்தில் கேட்பதை நிறுத்துங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஜாக்கெட் லேபிளைப் பாருங்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினாலும், எந்த மாநிலத்து ஆள் ஏறினாலும் பெயர்ப் பட்டியல் கரையில் இருக்க வழி செய்யுங்கள்.

உரிமையாளர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். படகு கிளம்பும்முன் ஏறியவர்களின் பெயர், ஊர், வீட்டு போன் எண் எழுதி, போட்டோ எடுத்து, வீட்டுக்கு ஒன்றும் சங்கத்துக்கு ஒன்றும் அனுப்பிவிடுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. தேடப் போகிறவர்களுக்கு வேண்டியது படகின் எண், கடைசியாக இருந்த இடம், உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு. இந்த மூன்றையும் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.